பெடியனைப் பற்றி விசாரித்தபோது

பேரின்பநாதன் போன் எடுத்தபோது பகல் பதினொரு மணி. எனக்கு அது நடுச்சாமம். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. காலை ஏழரைக்கு வந்து படுப்பவன். அரைத் தூக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். முதல் மணியிலேயே முழுதாக விழித்துவிட்டேன்.

"தம்பி யதுர்ஷனே? புரோசார்டில இருந்து கஜந்தினியின்ர அப்பா கதைக்கிறன். நித்திரையைக் குழப்பிப்போட்டனோ?"

"இல்லை அங்கிள், சொல்லுங்கோ."

"உமக்குத் தெரியும்தானே, பிள்ளை றஜிந்தனைத்தான் கட்டுவனெண்டு நிக்கிறா. எங்களுக்கும் பெடியனில பிழை சொல்ல ஒண்டுமில்லை. எண்டாலும் ஒருக்கால் விசாரிக்கவேணும்தானே. நீர்தான் அவருக்கு நெருக்கமெண்டு பிள்ளை சொன்னவா."

எங்கள் ஆட்களிடம் இது முறை. கலியாணப் பேச்சு வந்ததும் பெண் வீட்டார் மாப்பிள்ளையைத் தெரிந்த இரண்டு மூன்று பேருக்குப் போன் எடுப்பார்கள். என்ன மறுமொழி வரும் என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். நல்ல பெடியன் என்று சொல்லவேண்டும், அவர் சந்தோசம் என்று வைத்துவிடுவார். ஆனால் ஒருவன் கொஞ்சம் இழுத்துக் கதைத்தால் அந்தக் கலியாணம் அதோடு முடிந்தது. காரணத்தை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்புவார்கள்.

குடியா என்று கேட்டார். இல்லை என்றேன். வேலை எப்படி என்றார். வீடுகளுக்கு ஹீட்டிங் பூட்டுகிற வேலை, லைசென்ஸ் இருக்கிறது, மாரி முழுவதும் ஓய்வில்லை என்றேன். தாயோடு எப்படி என்றார். தாய்க்கு அவன்தான் கை கால் என்றேன். எல்லாம் உண்மை.

"சந்தோசம் தம்பி. அப்ப மாசியில கலியாண எழுத்தை வைச்சிடலாம்."

அவர் போனை வைக்கப்போகிறார் என்று தெரிந்தது. வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"அங்கிள், ஒரு விசயம். நீங்கள் வேற ஆக்களிட்டை அறியிறதைவிட நான் சொல்லுறது நல்லம்."

"சொல்லும்."

"அவன் ஆறு வருசத்துக்கு முன்னம் ஆசுபத்திரியில இருந்தவன். மூண்டு கிழமை. மனவருத்தம். ஒருத்தருக்கும் தெரியாது. ரொறன்ரோவில நிக்கிறானெண்டு சொல்லி வைச்சனாங்கள்."

அந்தப் பக்கத்தில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிற்பாட்டினார்கள்.

"இப்பவும் மருந்து எடுக்கிறாரோ?"

"ஓமெண்டு நினைக்கிறன்."

நினைக்க ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும். இரவில் ஒரு சின்னக் குளிசை. அதைப் போட்டுக்கொண்டு ஆறு வருடமாக என்னைவிடச் சுகமாக இருக்கிறான். அதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஒளிக்காமல் சொன்னீர். நன்றி தம்பி" என்றார். குரல் உடைந்திருந்தது. நல்ல மனிதர். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். நன்றாக நித்திரை வந்தது.

றஜிந்தனும் நானும் பள்ளிக்கூடத்தில் வகுப்பு மாறாமல் ஒன்றாகப் படித்தவர்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் அவன் இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. நான் தேடினேன். ஒரேஞ்ச் லைன் மெட்ரோவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்துகொண்டிருந்தான். கடைசி ஸ்டேஷனான கோட்-வெர்த்துவில், எல்லாரும் இறங்கிய பெட்டியில், கையுறையைக் கையில் பிடித்தபடி தனியாக இருந்தான். "எங்கை இறங்கிறதெண்டு தெரியேல்லை மச்சான்" என்றான். ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனது நான். மூன்று கிழமையும் ஒவ்வொரு பின்னேரமும் பக்கத்தில் இருந்தது நான். அந்த மாதம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் சோதனை. போகவில்லை. பிறகும் போகவில்லை. அவனால்தான் விட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நினைத்ததுண்டு.

கஜந்தினியை முதலில் கண்டவனும் நான்தான். அக்காவின் மகளைக் குழந்தைகள் காப்பகமான கார்டரியிலிருந்து கூட்டிவரப் போனபோது, அங்கே வேலைசெய்த அவள் கதவடியில் குந்தியிருந்து பன்னிரண்டு பிள்ளைகளின் பனிச் சப்பாத்துகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றது. "கொஞ்சம் பொறுங்கோ அண்ணா, இன்னும் ஒன்பது கால் இருக்கு" என்றாள். அன்றிலிருந்து நான் அண்ணா. எட்டு மாதம் அக்காவின் மகளை நானே கூட்டிவந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் தமிழ் மன்றத்து விழாவுக்கு நாடகம் போடுவோம். அதற்கு அவளைக் கூட்டிவந்தேன். "இவன் றஜிந்தன், என்ர சகோதரம் மாதிரி" என்று அறிமுகப்படுத்தியதும் நான்.

இந்த வருட நாடகத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நானூறு வருடத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலக் கொமெடி, மகாராணி காலத்துச் சரக்கு. பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டேன். இரண்டு நண்பர்கள். ஒருவன் ஒருத்தியைக் காதலிக்கிறான். மற்றவனுக்கும் அவளில் கண் விழுகிறது. அவன் நேரே அவளுடைய தகப்பனிடம் போய், கடமைக்காகச் சொல்கிறேன் என்று நண்பனின் ரகசியத்தைச் சொல்லிக்கொடுக்கிறான். கடைசிக் காட்சியில் அகப்படுகிறான், மன்னிப்புக் கேட்கிறான். நண்பன் உடனே மன்னிப்பதோடு, அவளையும் அவனுக்கே விட்டுக்கொடுக்கப் பார்க்கிறான். எங்கள் மொழிக்குக் கொண்டுவந்தேன். றஜிந்தன் நல்லவன், எங்களோடு நடிக்கிற மிதுசன் கெட்டவன், கஜந்தினி அவள். பேரின்பநாதன் போன் எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே முழுவதையும் எழுதி முடித்திருந்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சனிக்கிழமை பின்னேரம் றஜிந்தன் வந்தான். கர்க்லாண்டில் ஒரு வீட்டில் வேலை முடித்துவிட்டு வேலை உடுப்போடு வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் கதவுக் கம்பளத்திலேயே நின்றான்.

"அவையள் ஏலாதெண்டிட்டினம் மச்சான்."

"ஏனாம்?"

"சாதகம் பொருந்தேல்லையாம்." சிரித்தான். "டேய், எனக்குச் சாதகமே இல்லையடா. நான் இடம்பெயர்வுக்குள்ள பிறந்தனான். மழைக்குள்ள, ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில. ஒருத்தரும் நேரம் பாக்கேல்லை, அம்மாவுக்கே இரவோ விடியவோ எண்டு தெரியாது. எந்தச் சாதகம் எதோட பொருந்தேல்லை?"

"சும்மா சொல்லியிருப்பினம்."

"அதுதான். வேற என்னவோ இருக்கு. நீ ஒருக்கா அங்கிளோட கதை. நீ சொன்னாக் கேப்பார். உன்னில அந்தாளுக்கு மரியாதை."

அந்த நேரமே அவன் முன்னால் போனை எடுத்து, அவனுக்கு ஆறு வருடமாகச் சுகம், நான் சொன்ன விதம் பிழை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. "பாப்பம்" என்றேன். அவன் என் தோளில் தட்டிவிட்டுப் போனான். சட்டையில் கரி பட்டது.

ஞாயிறு இரண்டு மணிக்கு ஒத்திகை. ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபம். எங்கள் மன்றத்துக்கு ஞாயிறுகளில் தருவார்கள். கஜந்தினி பிந்தி வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. எனக்கு வணக்கம் சொல்லவில்லை. கடைசிக் காட்சியைப் பழகலாம் என்றாள்.

மிதுசன் முழங்காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். இரண்டு வரி மறந்தான். றஜிந்தன் அவனைத் தூக்கி அணைத்து, தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் வசனத்தைச் சொன்னான். நன்றாகவே சொன்னான்.

"இப்ப நான் என்ன சொல்லுறது?" என்றாள் கஜந்தினி.

"ஒண்டுமில்லை" என்றேன். "இதுக்குப் பிறகு அவளுக்கு வசனமில்லை. எழுதினவன் எழுதேல்லை."

"நாடகம் முடியுமட்டும்?"

"ஓம்."

"அப்ப நான் என்ன, லைட் கம்பம் மாதிரி நிக்கிறதோ?"

"உமக்கென்ன, பாடமாக்கத் தேவையில்லை" என்றான் மிதுசன். "நான்தான் பதினாறு பக்கத்தோட சாகிறன். அதோட இவன் ஏன் இப்பிடிச் செய்யிறானெண்டும் எழுதேல்லை. வில்லனுக்கும் ஒரு காரணம் வேணும்தானே, யது?"

கஜந்தினி என் பக்கம் திரும்பினாள்.

"யது அண்ணா, இவன் தகப்பனிட்டைப் போய்ச் சொல்லுறானே. அது உண்மையோ பொய்யோ?"

"உண்மை."

"உண்மையெண்டாப் பிழையில்லை, என்ன?"

நான் கையிலிருந்த நாடகப் பிரதியை மூடினேன்.

"என்ர அப்பாவுக்கு நீங்கள் சொன்னதும் உண்மைதான்" என்றாள். பிறகு றஜிந்தனைப் பார்த்தாள். "சாதகமெண்டது பேய்க்கதை. அம்மாவைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டன். உம்மட ஆசுபத்திரிக் கதையாலதான். இவர்தான் அப்பாவுக்குச் சொன்னவர். எனக்கு நீர் போன வருசமே சொல்லிட்டீர், எனக்கு அது ஒரு விசயமேயில்லை. அப்பாவுக்கு இவர் சொல்லியிருக்கிறார்."

மிதுசன் "நான் ஒரு சிகரெட் பத்திட்டு வாறன்" என்று வெளியே போனான். அவன் சிகரெட் பிடிப்பவன் அல்ல.

றஜிந்தன் மேடை விளிம்பில் இருந்தான். சுவரோர ஹீட்டர் டக் டக் என்று அடித்தது. அவனுடைய தலை தன்னையறியாமல் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது, தொழில் பழக்கம்.

"உண்மையோடா?"

"ஓம்."

"ஏன்?"

உன் நன்மைக்கு என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லவில்லை. "எனக்கு இவவில விருப்பம்" என்றேன். அவள் முன்னால், முதன்முறையாக, இன்னொருவனுக்குச் சொன்னேன்.

"எப்ப இருந்து?"

"நீ காண முன்னம்."

அவன் எழும்பி வந்து என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நல்லது. அவன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான்.

"விசரா" என்றான். "இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே. நீ இல்லாட்டி நான் அண்டைக்கே முடிஞ்சிருப்பன். உனக்கு நான் எதைத் தரமாட்டனெண்டு நினைச்சனி? நான் விலகிறன். நீ கேட்டுப்பார்."

அவள் இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆரைக் கேட்டுப்பாக்கச் சொல்லுறீர்?" என்றாள். "ஜூலை முதலாந்திகதி ஊரெல்லாம் வீடு மாறேக்க றோட்டில விட்டிட்டுப் போற சோபாவோ நான்? ஒருத்தர் வைக்க மற்றவர் ஏத்திக்கொண்டு போக?"

"கஜா, அப்பிடியில்லை…"

"வேற எப்பிடி? உமக்காக நான் அப்பாவோட மூண்டு நாள் சண்டை. சாப்பிடேல்லை. நீர் மூண்டு நிமிசம் எனக்காக நிக்கேல்லை. உம்மை ஒருத்தன் வித்திருக்கிறான், நீர் அவனுக்கு என்னைத் தூக்கிக் குடுக்கிறீர்."

"இவன் எனக்குச் செய்தது உமக்குத் தெரியாது."

"தெரியும். செய்ததுக்குக் கூலியா நான்?" என்னிடம் திரும்பினாள். "நீங்கள் கேக்கவேண்டாம் அண்ணா. மறுமொழி இல்லை எண்டுதான்."

றஜிந்தனும் நானும் ஒரே நேரத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினோம். "சா சுஃபி" என்றாள், போதும் என்று, கார்டரியில் பிள்ளைகள் அடிபடும்போது சொல்கிற அதே குரலில். படியேறிப் போனாள்.

அவனுடைய வான் வண்டியில்தான் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போகிறேன் என்றேன், அவன் விடவில்லை. பனி பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் குழாய்த் துண்டுகள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குலுங்கின. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டான்.

"ஒண்டு மட்டும் சொல்லு. அங்கிள் கேட்டவரோ, வருத்தம் ஏதும் இருந்ததோ எண்டு? கேட்டதுக்குத்தானே சொன்னனி?"

எனக்கு விளங்கியது. அவன் என்னை மன்னித்தது இதன் மேல்தான். யது பொய் சொல்லத் தெரியாதவன், அந்தாள் நேரே கேட்டுவிட்டார், அவன் என்ன செய்வான். அவன் அப்படி ஒரு கதையைக் கட்டி அதற்குள் என்னைக் குடிவைத்திருந்தான்.

"கேட்டவர்" என்றேன்.

"அப்ப சரி" என்றான். தலையை இரண்டு முறை ஆட்டினான். பச்சை விழுந்தது.

செவ்வாய் காலை வேலை முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுத்தபோது கஜந்தினியின் செய்தி வந்திருந்தது. வேலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அவள் அதை முதல் நாள் இரவே அனுப்பியிருந்தாள். பஸ் தரிப்பில் நின்று வாசித்தேன்.

அப்பா ஓமென்றுவிட்டாராம். டொக்டர் ஒருவரிடம் போய் விசாரித்தாராம். இந்த வருத்தத்தோடு எத்தனையோ பேர் குடும்பமாக இருக்கிறார்கள், மருந்து எடுக்கிறவரை பயமில்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். "றஜிந்தன் நான் எடுக்கிற ஒரு கோலும் எடுக்கிறாரில்லை, மெசேஜை வாசிக்கிறாரில்லை. அவர் சொன்ன விசர்க் கதையை நான் மன்னிச்சிட்டன். உங்களை மன்னிக்கேல்லை. ஆனா நீங்கள் சொன்னாத்தான் அவர் எடுப்பார். நான் ஆற்றையும் வாசலில போய் நிக்கிற ஆளில்லை. வியாழன் நாலு மணிக்கு வேலை முடிய ஒருக்கா எடுப்பன். அதுதான் கடைசி. சொல்லிவிடுங்கோ."

பஸ் வந்தது. ஏறினேன். செவ்வாய் சொல்லவில்லை. புதன் அவன் போன் எடுத்தான், ஒத்திகையை நிற்பாட்டிவிட்டாயா என்று கேட்டான். ஓம் என்றேன். அதற்குப் பிறகு வேலைக்கதை கதைத்தோம். அப்போதும் சொல்லவில்லை. இதை மறந்துபோனதென்றோ பயமென்றோ எழுத எனக்கு விருப்பமில்லை. அவள் எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று ஞாயிறே தெரிந்துவிட்டது. அவனுக்கும் கிடைக்காவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் முன்போல இருக்கலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

வியாழன் மூன்றரைக்கு அவன் வந்தான். நான் அப்போதுதான் எழும்பியிருந்தேன். இரண்டு கோப்பி வாங்கி வந்திருந்தான், வானுக்குள் இருந்து குடித்தோம். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. நித்திரை கொள்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் குறைவு என்றான். குளிசை போடுகிறாயா என்று கேட்டேன். போடுகிறேன் என்றான், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

"அவ இன்னும் எடுக்கிறா மச்சான்" என்றான். "மெசேஜ் வந்தா வாசிக்காமலே அழிக்கிறன். வாசிச்சா மனம் மாறிடும். உனக்குச் சொன்னா சொன்னதுதான். நீ கொஞ்ச நாள் பொறு, அவவின்ர கோபம் ஆற, பேந்து ஒருக்கால் கதை."

"இல்லையெண்டு சொல்லிட்டாளடா."

"அது கோபத்தில."

நாலு மணி தாண்டி இரண்டு நிமிடத்தில் டாஷ்போர்டில் கிடந்த அவனுடைய போன் அடித்தது. திரையில் அவளுடைய பெயர். போன் நடுங்கி நடுங்கிக் கண்ணாடிப் பக்கம் நகர்ந்தது. அவன் கை பாதி வழி போய் நின்றது. என்னைப் பார்த்தான்.

"எடுக்கட்டோ?"

அனுமதி கேட்டான். அவனுடைய போன், அவனுடைய பெண், அவள் தகப்பனும் ஓமென்றுவிட்டார், அவன் என்னிடம் அனுமதி கேட்டான். எடுடா என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் வாய்க்குள் இருந்தது, கோப்பியோடு. நான் கோப்பியை விழுங்கினேன்.

"ஏன், உனக்கு எடுக்கவேணும் போல இருக்கோ?" என்று கேட்டேன்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். "சீச்சீ" என்றான். போனைக் கவிழ்த்து வைத்தான். அது இன்னும் கொஞ்ச நேரம் அடித்தது, பிறகு நின்றது. அவன் வானை ஸ்டார்ட் பண்ணி, "சாப்பிட்டனியோ? வா, எங்கையாவது போய்ச் சாப்பிடுவம்" என்றான். எனக்குப் பசித்தது. நான் பெல்ட்டைப் போட்டேன்.